கண்ணில்லாத பூச்சியும் ஒரு சிட்டிகை மஞ்சளும்

போர்வெல்லுக்குள் கேமரா இறக்கிப் பார்ப்பது என் தொழில். மோட்டார் எங்கே சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி இறக்கியபோதுதான் திரையில் அது நீந்திப் போனது. அரிசி நீளம், வெள்ளை நிறம், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

அந்த வீடியோவைப் பல கல்லூரிகளுக்கு அனுப்பினேன். பதில் வந்தால்தானே? ஒருவர் மட்டும் நான் எந்தத் துறை என்று கேட்டார். போர்வெல் என்றேன். அத்தோடு சரி. கடைசியில் ஒரு பேராசிரியை போன் செய்தார்.

"இதுவரைக்கும் யாரும் பார்க்காததா இருக்கலாம். ஆனா வீடியோ போதாது. உயிரோட கொண்டு வாங்க. வழியில செத்துட்டா அழுகறதுக்குள்ள உடனே ஸ்பிரிட்ல போட்டுடுங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்துக்காரர் புது மோட்டாரை வாங்கி வைத்துவிட்டார். அதை இறக்கிவிட்டால் கேமராவுக்கு வழியில்லை. படித்தவர் கோட்டைவிட்டால் அனுபவம் என்பார்கள். நான் விட்டால், இவனுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்பார்கள்.

கேமராவுக்குக் கீழே கொசுவலைப் பை கட்டி இறக்கினேன். ஒன்றே ஒன்று சிக்கியது. பாட்டிலில் விட்டுவிட்டு வயரைச் சுற்றத் திரும்பினேன். புதுப் போரில் தண்ணீர் வந்தால் மஞ்சள் போட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தோட்டத்து அம்மா அதே நினைப்பில் பாட்டிலுக்குள் ஒரு சிட்டிகை போட்டுவிட்டார்.

"என்னங்கம்மா இப்படிப் பண்ணீட்டீங்க?"

"நம்ம தண்ணியில வந்த உசுரு சாமி. கண்ணு பட்டுறக் கூடாதுல்லங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் திட்ட வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவசரமாக நல்ல தண்ணீருக்கு மாற்றிக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். அது அசைவது போலவும் இருந்தது, அசையாதது போலவும் இருந்தது. ஸ்பிரிட் புட்டி என் தோள்பையில்தான் இருந்தது. உயிரோடு இருப்பதை அதில் போட்டுக் கொன்றுவிட்டால்? வழி நெடுக இதே ரோதனை. கடைசிவரை போடவில்லை.

பேராசிரியை மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"எப்பவோ செத்துடுச்சுங்க. காலெல்லாம் உதிர்ந்துபோச்சு. இதை வெச்சு ஒண்ணும் எழுத முடியாது."

போய் வாருங்கள் என்பார் என்று எழுந்தேன். "இன்னொண்ணு கொண்டு வாங்க, காத்திருக்கேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் ஏங்கினேன். கேட்டதும் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தோட்டத்துக்காரர் மோட்டாரை இறக்கிவிட்டார். அதற்கப்புறம் வாழப்பாடி வரைக்கும் போன இடமெல்லாம் கேமராவை இறக்கித் தேடுகிறேன். எதுவும் இல்லை. பேராசிரியை இன்னும் காத்திருக்கிறார். இருந்ததே அது ஒன்றுதானோ என்ற பயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது?