கடல் இல்லாத ஊரில் துறைமுகப் பாடம்

யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம். வெளிநாட்டில் ஒரு வருஷம் பொதுச் சுகாதாரம் படித்துவர டாக்டர்களுக்கு உதவித்தொகை தருவதாக அறிவிப்பு வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான் பெண் டாக்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளச் சொன்னவர்களும் அலுத்து ஓய்ந்திருந்தார்கள். கப்பலேற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பரீட்சையும் கிடையாது. ஒரு சனிக்கிழமை சென்னையில் தேர்வுக் குழுவின் முன்னால் நின்று, எந்தெந்தப் பாடங்களை எடுக்கப்போகிறேன், ஏன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். அந்தப் பாடத்திட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குடிநீர், சாக்கடை, பிறப்பு இறப்புக் கணக்கு எல்லாம் கட்டாயம். மீதியில் மூன்றை நாமே தேர்ந்துகொள்ளலாம். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து குளிர்காய்ச்சலோடு வருகிறவர்களை நினைத்து மலேரியாவை வைத்தேன். உணவும் சத்தும் என்ற பாடத்தை ஒரு நாள் சேர்ப்பேன், மறுநாள் எடுத்துவிட்டுத் தொழிற்சாலைச் சுகாதாரத்தைப் போடுவேன். துறைமுகச் சுகாதாரத்தை மட்டும் யோசிக்காமலே பென்சிலால் அடித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நம்மூர்ல கடலுக்கு எங்கங்க போறது? கடலைதான் இருக்குது" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "பொம்பளை டாக்டருங்க பேறுகாலம், கொழந்தைன்னு எடுத்தாத்தானுங்க குழுவுல எடுபடும்" என்றும் சொன்னார். ஆம்பளை டாக்டர் என்ன எடுக்க வேண்டும், மீசை வளர்ப்பா என்று கேட்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அந்த வாரம் இண்டூர்ப் பக்கம் பெரியம்மை கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. எனக்கு வத்தல்மலையைப் பற்றித்தான் கவலை. அம்மை குத்துகிறவர் மலையேறுகிறார் என்று தெரிந்தால் அங்கே சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். அடுப்பில் களி கொதிக்கும், வீட்டில் ஆள் இருக்காது. பொம்பளை போனால் ஓடமாட்டார்களோ என்ற நப்பாசையில் புதன்கிழமை நானே கிளம்பினேன். சாயங்காலம் இறங்கிவிடலாம், வெள்ளிக்கிழமை ரயிலைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. தடுப்பு மருந்தான அம்மைப்பால் குழாய்களை ஈரத்துணியில் சுற்றி மண்கலயத்தில் வைத்து ஆஸ்பத்திரிச் சேவகர் கூடவே சுமந்துவந்தார்.

மேலே ஊர் எல்லையில் பாதைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் தொங்கியது. ஊர்க்கவுண்டர் எழுந்து வந்தார். ஆத்தா நோன்புக்கு அன்று காலையில்தான் காப்புக் கட்டியிருந்தார்கள்.

"உள்ள வர்றதுன்னா வாங்கம்மா. வந்தவங்க கூழ் ஊத்தி காப்பு அவுக்கிற வரைக்கும் எறங்கப்படாதுங்க. எங்களுக்கும் அதே கட்டுதான். இந்தத் தோரணத்தைத் தாண்டி ஒருத்தரும் காட்டுப்பக்கம்கூடப் போவக்கூடாது."

கூழ் ஊற்றுவது அடுத்த செவ்வாய்க்கிழமை. அப்படியே திரும்பியிருப்பேன். ஒரு காலைத் திருப்பியும்விட்டேன். அப்புறம்தான் அவர் சொன்ன கடைசி வாக்கியம் மண்டையில் ஏறியது. ஒருத்தரும் காட்டுக்குப் போக முடியாது. நான் எத்தனை முறை ஏறி வந்தாலும் கிடைக்காத பிள்ளைகள் எல்லாரும் இந்தத் தோரணத்துக்கு உள்ளே இருந்தார்கள். நோன்பு முடிந்துவிட்டால் மறுபடி காடுதான்.

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து தேர்வுக் குழு, உதவித்தொகை, ரயில், அம்மை எல்லாவற்றையும் மனத்துக்குள் வைதேன். சேவகர் பிள்ளைகுட்டிக்காரர். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கலயத்தை நானே வாங்கிக்கொண்டேன். கவுண்டர் என் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.

நோன்பு நாளில் ஊசி வைத்தால் ஆத்தா கோபிப்பாள் என்று சிலர் முனகினார்கள். கவுண்டர் தன் பேரனை முதலில் கொண்டுவந்து உட்காரவைத்தார். "காப்புக் கட்டிக்கிட்டு ஆத்தா வாசல்ல நிக்கிற ஆளை வேண்டாம்னு சொல்ல முடியாதுங்க" என்றார். ஒருத்தி மட்டும் குழந்தையைத் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் துள்ளி விளையாடுவதைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. சென்னையில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள், பதில் வராமல் அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். பாறை மறைவில் உட்கார்ந்து அழுதேன். சாமைச் சோறு கொண்டுவந்த பெண், பசியில் அழுகிறேன் என்று நினைத்து இன்னொரு அகப்பை வைத்தாள்.

அழுது முடித்தபின் வேறு வேலையில்லாமல் பையிலிருந்த பாடத்திட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். அடித்துவிட்டிருந்த துறைமுகப் பாடத்தை அன்றுதான் முழுதாகப் படித்தேன். நோய் கண்ட துறைமுகத்திலிருந்து வரும் கப்பலை எட்டவே நிறுத்துவது, உள்ளே இருப்பவரை வெளியே விடாதது, வெளியாரை ஏறவிடாதது, நாள் கழிந்தபின் நோயை அறிவிக்கும் மஞ்சள் கொடியை இறக்குவது. தலை நிமிர்ந்து பார்த்தேன். வேப்பிலைத் தோரணம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பென்சிலை எடுத்துத் துறைமுகத்தை முதல் பாடமாக எழுதினேன், அடுத்தது மலேரியா, மூன்றாவது உணவு. அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தை நான் மாற்றவேயில்லை.

செவ்வாய்க்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். அதற்குள் ஊசி வைத்த கைகளில் கொப்புளம் எழும்பியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். அந்தக் கோடையில் கீழே அம்மை நன்றாக விளையாடியது. மலைக்கு மட்டும் அது ஏறவில்லை.

மறு வருஷம் உதவித்தொகை அறிவிப்பு வரவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் இல்லை. நான் கப்பலேறவில்லை. இதற்காக வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய், இன்றைக்கும் வருத்தம்தான். அந்த மூன்று பாடங்களையும் யாராவது எனக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மறு வருஷம் நோன்பு வந்தபோது, புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்காக மலையேறினேன். வழியில் மழை பிடித்து, காப்புக் கட்டும் வேளை தாண்டிவிட்டது. எல்லையில் தோரணத்தைக் காணோம். கோயில் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. கைக்குழந்தைக்காரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். கவுண்டர் மஞ்சள் கயிறுகள் கிடந்த தட்டோடு எழுந்து வந்தார்.

"டாக்டரம்மா வரட்டும்னுதானுங்க இன்னும் காப்புக் கட்டல" என்றார்.

கையை நீட்டினேன்.