மிக்கேலைக் கொண்டுவர கோபேக்குப் போன வழி

ஜப்பானின் கோபே துறைமுகத்திலிருந்து ஒரு பெட்டி கப்பலேறிவிட்டது. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் உள்ள கப்பல் ஏஜெண்டு அலுவலகத்துக்கு நேற்றுக் காலை பத்தரை மணிக்கு வந்த தந்தி இதைச் சொல்கிறது. தந்தியை நானே வாங்கிப் படித்தேன். பெட்டியில் இருப்பவை மணப்பாட்டு மாலுமி மிக்கேலின் எலும்புகளில் மீதி. முதல் பகுதியை அவருடைய அக்கா ரெஜினாவும் நானும் இந்த 1978 ஜனவரிக் கடைசியில் கொண்டுவந்து சேர்த்தோம்.

கோபேயில் சரக்கு இறக்கும்போது கப்பலின் அடித்தளத்தில் விழுந்து மிக்கேல் இறந்தார். வயது முப்பத்து நான்கு. உடலை மருத்துவமனைக் குளிர் அறையில் வைத்துவிட்டு, குடும்பத்தில் ஒருவரும் ஆங்கிலம் தெரிந்த ஒருவரும் வரலாம், பயணச்சீட்டு தருகிறோம் என்று கப்பல் கம்பெனி எழுதியது. துறைமுகச் செய்திகள் எழுதுகிறவன் என்ற முறையில் அந்தக் குடும்பம் என்னைக் கேட்டது. உடலை அப்படியே அனுப்ப முடியாது என்றும் கம்பெனி சொல்லிவிட்டது. கோபே மலைச்சரிவில் வெளிநாட்டாருக்கான கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலாம். இல்லையென்றால் அங்கேயே எரித்து, எலும்பைக் கொண்டுவரலாம்.

மணப்பாட்டில் யாரையும் எரித்த வழக்கமில்லை. பங்குச் சாமியார் தடையில்லை என்றார். மிக்கேலின் அம்மா மகளிடம் ஒன்றுதான் சொன்னார்: “எரிச்சாலும் சரி, எலும்பு ஒண்ணு விடாம முழுசா கொண்டா. உங்கப்பா பக்கத்துல வைக்கணும்.” ரெஜினா வீட்டுக் குருசைத் தொட்டு, சரி என்று வாக்குக் கொடுத்தார்.

இனி, முதல்முறை போகிறவர்களுக்கு வழி. தூத்துக்குடியில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் காலை சென்னை எழும்பூர், ஏறக்குறைய 650 கிலோமீட்டர். பாஸ்போர்ட்டுக்குக் கம்பெனிக் கடிதம் இருந்தும் ஒன்பது நாள் ஆயிற்று. ஜப்பான் விசாவுக்கு மூன்று நாள். கையில் எடுத்துப்போகும் அந்நியப் பணத்துக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தனி. அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு பம்பாய், ஹாங்காங் வழியாக ஒசாகா. பிற்பகல் மூன்று நாற்பதுக்கு இறங்கினோம். நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர். இறங்கியதும் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒசாகா விமான நிலையத்திலிருந்து கோபே சுமார் முப்பது கிலோமீட்டர். ஏஜெண்டு அலுவலகத்து எழுத்தர் தனாகா டாக்சியோடு காத்திருந்தார். நல்ல ஆங்கிலம் பேசினார். சொந்த ஊர் தோக்கியோ, கோபேக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்றார். டாக்சிக் கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும். நீங்கள் தொடக் கூடாது. ரெஜினா பழக்கத்தில் இழுத்துச் சாத்தப் பார்க்க, டிரைவர் பதறித் திரும்பினார். “சத்தம் போடாமலே வைய்யுதான் அண்ணாச்சி,” என்றார் ரெஜினா. “இந்த ஊர்க்காரனுவ சண்டை எப்படித்தான் போடுவானுவளோ.”

தெருக்களுக்குப் பெயர் கிடையாது. போகவேண்டிய இடத்தை ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். ஆங்கிலத்தில் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் பயனில்லை. வீட்டுக்குள்ளும் விடுதிக்குள்ளும் செருப்புப் போகாது. ஜனவரியில் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். ரெஜினா சேலைக்குக் கீழே தம்பியின் பழைய கம்பளிக் காலுறைகளைப் போட்டிருந்தார். அவை கப்பல்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த மிக்கேலின் பெட்டியில் இருந்தவை. ஒரு காப்பி நம் பணத்தில் எட்டு ரூபாய். விடுதியில் தேநீர் கேட்காமலே வரும்.

நாங்கள் தங்கியது ஒரு கோயில் நடத்தும் மாலுமிகள் விடுதி. முதல் நாள் மாலை ஏழு மணிக்குச் சாப்பாடு: சோறு, சுட்ட மீன், ஊறவைத்த முள்ளங்கி. இரண்டு குச்சிகளால் சாப்பிட வேண்டும். நான் தடுமாறினேன். ரெஜினாவுக்குப் பத்து நிமிடத்தில் கைவந்துவிட்டது. “வலை பின்னுத கைக்கு இது ஒரு வேலையா?” என்று சிரித்தார். தம்பி இறந்த செய்தி வந்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதைச் செய்தார். மீனின் வயிற்றுப் பக்கம் நல்ல துண்டாக ஒன்றைக் குச்சியால் எடுத்து, “இந்தாங்க, நீங்க ஒண்ணும் திங்கலியே,” என்று என் பக்கம் நீட்டினார். என் தட்டில் இடமில்லை. என் குச்சிகளால் வாங்கிக்கொண்டேன்.

மேசையில் பேச்சு நின்றது. எதிரே இருந்த முதியவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். பரிமாறிய அம்மாள் வேகமாக வந்து, மீன் தட்டையே எடுத்துக்கொண்டு போனார்.

“எச்சின்னு நெனச்சிட்டாங்க போல,” என்றார் ரெஜினா, முகம் சிவந்து. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தகனக்கூடம். அதற்கு முன் மருத்துவமனையில் ரெஜினா தம்பியின் முகத்தைப் பத்து நிமிடம் பார்த்தார். நெற்றியில் குருசு வரைந்தார். எலும்பு முழுவதும் கிடைக்குமா என்று நான் தனாகாவிடம் இரண்டு முறை கேட்டேன். முழுவதும் தருவார்கள், தன் தந்தைக்கு அப்படித்தான் நடந்தது என்று இரண்டு முறையும் சொன்னார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்டபோது இரும்புத் தட்டில் வெள்ளையாக எலும்புகள் கிடந்தன. வெள்ளைக் கையுறை அணிந்த ஊழியர் எங்கள் இருவர் கையிலும் நீளமான குச்சிகளைக் கொடுத்தார்.

“இருவரும் சேர்ந்து ஒரே எலும்பைக் குச்சிகளால் எடுக்க வேண்டும். கால் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்,” என்று தனாகா மெதுவாகச் சொன்னார். “குச்சிக்குக் குச்சி கொடுப்பது இந்த ஒரு காரியத்துக்கு மட்டும்தான்.”

ரெஜினா என்னைப் பார்த்தார். முந்தின நாள் மேசையில் நடந்தது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது. “மீனையா அப்படிக் கொடுத்தேன்,” என்றார். பிறகு குச்சிகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, கால் பக்கம் குனிந்தார்.

பதினைந்து இருபது துண்டு எடுத்திருப்போம். ஜாடி நிறைந்துவிட்டது, ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஜாடி. ஊழியர் மூடியை வைத்து, வணங்கி, தட்டை உள்ளே தள்ளப் போனார். தட்டில் பாதிக்கு மேல் இருந்தது.

“ஏலே, நில்லு!” ரெஜினா தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சூடு ஆறாத இரும்பு. “அண்ணாச்சி, மீதிய எங்கன கொண்டு போறான்? கேளுங்க!”

ஊழியரிடம் பேசப் பேச, தனாகாவின் முகம் மாறியது. தோக்கியோப் பக்கம் எல்லா எலும்பையும் கொடுப்பார்களாம். கோபே, ஒசாகாப் பக்கம் ஒரு பகுதிதான். மீதியை மற்றவர்களின் எலும்போடு சேர்த்து இங்கேயே அடக்கம் செய்வது வழக்கமாம். “எனக்குத் தெரியாது, என் பிழை,” என்று தனாகா இடுப்பு வரை குனிந்தார். முழுவதும் வேண்டுமென்றால் எரிக்கும் முன்பே சொல்லிப் பெரிய ஜாடி கொண்டுவந்திருக்க வேண்டும். இனி நகராட்சிக் கடிதம் வேண்டும். ஒரு வாரம் ஆகும். எங்கள் விமானம் மறுநாள் பதினோரு மணிக்கு.

நாற்பது நிமிடம் ரெஜினா தட்டை விடவில்லை. மேலாளர் வந்தார். மீதியைத் தனியாக ஒரு பையில் போட்டு, பெயர் எழுதி, முத்திரை வைத்து, எங்கள் கண்முன்னே பூட்டினார்கள். கடிதம் வாங்கிக் கப்பலில் அனுப்புவது தன் பொறுப்பு என்றார் தனாகா. அதன் பிறகுதான் ரெஜினா கையை எடுத்தார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

ஆகவே போகிறவர்களுக்கு நான் சொல்வது: ஜப்பான் முழுவதும் ஒரே வழக்கம் என்று நம்பாதீர்கள். எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வாங்குங்கள். நீங்கள் தவறு செய்தால் அங்கே யாரும் திட்ட மாட்டார்கள், பேச்சுத்தான் நிற்கும். நின்றால் உடனே காரணம் கேளுங்கள். அன்று மாலை மேசையில் நான் கேட்டிருந்தால் யாராவது தகனக்கூடத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். முதியவர் உள்ளூர்க்காரர். ஜாடியைப் பற்றியும் சொல்லியிருப்பார். அது என் தவறு. கேள்வி கேட்பதுதான் என் தொழில்.

மணப்பாட்டு வீட்டில் அம்மா ஜாடியை மடியில் வாங்கி, ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

“பொறந்தப்ப இதவிட கனமா இருந்தானே, ஏளா,” என்றார்.

“மீதி வருதும்மா,” என்றார் ரெஜினா.

முழுவதும் சேர்ந்த பிறகே குழி வெட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் மணலில் நான்கு கல் வைத்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜாடி வீட்டுக் குருசின் கீழே இருக்கிறது. கப்பல் சிங்கப்பூர், கொழும்பு வழியாக மார்ச் இரண்டாம் வாரம் தூத்துக்குடி வரும் என்கிறது தந்தி. சுங்க அலுவலகத்தில் இரண்டு நாள் ஆகலாம். அங்கிருந்து மணப்பாடு அறுபது கிலோமீட்டர்.