சின்னவளுக்குப் போன என் மார்க்

என் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன். பொறாமையில் சொல்கிறாள் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பொறாமையில்தான் சொல்கிறேன். ஒரே பிரசவத்தில் முதலில் வந்தவள் நான். ஆனால் பின்னால் வந்தவளைத்தான் எல்லோரும் முதலில் தூக்கிக் கொஞ்சினார்களாம். அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல் இது.

வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். ஒரே மூக்கு, ஒரே முழி, ஒரே சுருட்டை முடி. குணத்தில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது. நான் சலூனில் நாள் முழுக்க நின்று முடி வெட்டி, சாயம் பூசி, சம்பளம் வந்ததும் தவணையைக் கட்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். அவள் பூக்கடையில் பூங்கொத்து கட்டுகிறாள். ஸ்கூட்டர் தவணையை மறந்துவிட்டு, "ஐயோ, அது போன மாசமா?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வசூலுக்கு வந்தவரே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். நான் சிரித்தால் விடுவார்களா? நன்றாக விடுவார்கள்!

அப்பா இருந்தவரை எங்கள் இருவருக்கும் எந்த விண்ணப்பத்திலும் தன் போன் நம்பரைத்தான் எழுதுவார். "ஒண்ணா வந்ததுங்க, ஒரு நம்பர் போதாதா?" என்பார். அவர் போன பிறகும் நாங்கள் அந்த நம்பரையே எழுதிக்கொண்டிருந்தோம். போன் அம்மாவிடம் இருந்தது.

சலூன் முதலாளியம்மா வெளியூரில் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். "கடையை நீயே எடுத்துக்கோ. மாசக் கடைசிக்குள்ள பணத்துக்கு வழி பண்ணு. இல்லேன்னா ஜூஸ் கடைக்காரருக்குக் குடுத்துடுவேன்" என்றார். நான்கு நாற்காலி, தலை கழுவும் தொட்டி இரண்டு, பின்னால் துண்டு காயப்போடும் அறை. எல்லாம் இத்தனை வருடம் நான் துடைத்துவைத்தவை. அதில் போய் ஆரஞ்சு பிழிவதா? வங்கிக்கு ஓடினேன்.

வங்கி அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உங்க கிரெடிட் ரிப்போர்ட் சரியில்லையேம்மா. ஸ்கூட்டர் கடன்ல பல தவணை லேட்டு. லோன் கிடைக்காது."

"எனக்கு ஸ்கூட்டர் ஓட்டவே தெரியாது சார்!"

"ஓட்டத் தெரியலேன்னாலும் தவணை கட்டணும்ல?" என்றார்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அங்கே கொண்டாட்டம். சின்னவளுக்குப் புது ஃபிளாட் வாங்க லோன் கிடைத்துவிட்டதாம். தன் கிரெடிட் ரிப்போர்ட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். "ஏ பெரியவளே, என் ஸ்கோரைப் பாத்தியா? பேங்க் மேனேஜர் எழுந்து கை குடுத்தாரு!" அம்மா வேறு, "சின்னவ எவ்வளவு பொறுப்பாயிட்டா பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும். தினம் நாலு பேருக்குக் கொண்டை போடுகிற எனக்குத் தெரியாதா?

"திருடி! என் பேர்ல ஸ்கூட்டர் வாங்கிட்டு, நீ ஃபிளாட்டுக்கா போற?" என்று பாய்ந்தேன்.

அவள் மிரண்டுபோய் ஸ்கூட்டர் காகிதங்களைத் தேடி எடுத்து வந்தாள். எல்லாம் அவள் பேரில்தான் இருந்தன. பிறகு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். ஃப்ரிட்ஜ் கடன், ஒரு தவணை தவறவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன், அதுவும் தவறவில்லை. இரண்டும் நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்தவை. நான் வாங்கிய ஃப்ரிட்ஜிலேயே என் மார்க்கைத் தன் மார்க் என்று ஒட்டியிருக்கிறாள்!

ரிப்போர்ட் கொடுக்கும் கம்பெனிக்குப் போன் போட்டோம். அங்கே பேசிய பெண் சொன்னாள்: "ஒரே பிறந்த தேதி, ஒரே அப்பா, ஒரே விலாசம், ஒரே போன். தங்கச்சி கடன் உங்க ரிப்போர்ட்லயும் உங்க கடன் அவங்க ரிப்போர்ட்லயும் மாறிப்போச்சு மேடம். இது தப்புன்னு ஒரு டிஸ்பியூட் மனு போடுங்க. ஸ்கூட்டர் கடன் தன்னோடதுன்னு உங்க தங்கச்சியும் கையெழுத்துப் போட்டா சீக்கிரம் முடியும். இல்லேன்னா இழுக்கும்."

இழுத்தால் கடை ஜூஸ் கடைக்காரருக்கு. கையெழுத்துப் போட்டால் சின்னவளின் ஃபிளாட் போச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இத்தனை நாள் நான் சுமந்தது போதும், போடுடி என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"ஸ்கூல்லேருந்தே உன் மார்க்கைக் காட்டித்தான் எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. உன்னைப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். ஒரு தடவையாவது ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். கடைசியில இதுவும் உன் மார்க்தானா?"

என்மேல் பொறாமைப்பட ஒருத்தி இருந்தாளா! அதுவும் இவளா! சொல்ல வெட்கமில்லை, நெஞ்செல்லாம் குளுகுளுவென்று இருந்தது. அவள் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து காகிதத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்தாள். டிஸ்பியூட் மனுவில் கையெழுத்துப் போட்டாள். அப்போது சிரிக்கவில்லை.

ரிப்போர்ட் சரியானது. லோன் கிடைத்தது. கடை என்னுடையதானது. திறந்த அன்று அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "எங்க சின்னவ இருக்காளே, தங்கம்! அக்காவுக்காக வீட்டையே விட்டுக்குடுத்துட்டா" என்றாள். எல்லோரும் உள்ளே வந்து சின்னவளுக்குக் கை கொடுத்தார்கள். கடை என்னுடையது, கடன் என்னுடையது, பேர் மட்டும் அவளுக்கு! தோற்றும் ஜெயிக்கிற ஜென்மம்.

அவளை முதல் நாற்காலியில் உட்காரவைத்து, துணி போர்த்தி, முடியை நனைத்தேன். பாதி முடியைக் கிளிப்பில் இடுக்கிவைத்துவிட்டு மீதியை வெட்ட ஆரம்பித்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏ அக்கா, என் இடத்துல நீ இருந்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பியா?"

கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"தலையை ஆட்டாதே" என்றேன். "காது போயிடும்."

அவள் தலையை ஆட்டவே இல்லை.