மழையில் நனைந்த வெடி

அந்த வெடியை வைத்தவன் நான்தான்!

உங்கள் பிள்ளை படித்துவிட்டு அழுததாகச் சொன்னீர்களே, அந்தச் சிறுவர் நாவல்... அதில் மலைச் சிறுமியின் வலக்கையைப் பிய்த்தெறிந்த பன்றிவெடியை அவள் அப்பாவே வைத்ததாக எழுதியிருந்தேன். பொய். அப்பட்டமான பொய்.

அவள் என் கற்பனையில் பிறந்தவள் அல்லள். கல்வராயன் மலையில் நான் வாத்தியாராக இருந்தபோது என் வகுப்பில் படித்தவள். பெயர் சின்னப்பொண்ணு.

மலையடிவாரத்தில் எனக்கு மரவள்ளித் தோட்டம் இருந்தது. காட்டுப்பன்றிகள் வந்து கிழங்கைக் கிளறிப்போட்டுவிட்டுப் போகும், வயிறு எரியும். தீனிக்குள் வெடியை மறைத்து வரப்போரம் வைப்பேன். பன்றி கடித்தால் வாய் சிதறும். கடிபடாததை விடிவதற்குள் பொறுக்கிவிட வேண்டும். வைக்கிற எவனுக்கும் இது தெரியும். அன்று விடிய விடிய மழை. நனைந்தது எங்கே வெடிக்கப் போகிறது என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தேன்... படித்த முட்டாள்!

காலையில் என் தோட்டத்தில் கூலிக்குக் கிழங்கு பிடுங்க அப்பாவோடு வந்தவள் அதைக் கையில் எடுத்திருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடினேன். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு விரல் மரவள்ளி இலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அழக்கூட இல்லை. சேற்றில் தன் கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வந்தது. "கறிக்கு வெடி வெக்கற ஆளு இவன்தாங்க" என்று அவள் அப்பாவைக் காட்டினேன். வாத்தியார் சொன்னால் யார் மறுப்பார்கள்? அந்த வரப்பிலேயே லத்தியால் அவர் முட்டியை உடைத்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும், தான் வைக்கவில்லை என்றுதான் கதறினார். நான் தடுத்தேனா? வாயைத் திறந்தேனா? என் செருப்பில் தெறித்த அவர் ரத்தத்தை வீட்டுக்கு வந்து கழுவினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பிறகு ஏன் எழுதினேன்? பரிகாரம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நாவலில் அவள் இடக்கையால் எழுதிப் பழகுகிறாள். துன்பம் அவளுக்கு உரமேற்றுகிறது. கடைசியில் அப்பாவை மன்னிக்கிறாள். துன்பம் வளர்த்தெடுக்கிறதாம்... துன்பத்தைக் கொடுத்தவன் வேறெப்படி எழுதுவான்?

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளி விழாவில் பேசினேன். கூட்டம் கலைந்தபின் ஒரு பெண் வந்து நாவலை இடக்கையால் நீட்டினாள். முகத்தைப் பார்க்கும் முன்பே அந்த இன்னொரு கையைப் பார்த்துவிட்டேன். அவளேதான்.

"அப்பா சாவற வரைக்கும் நான் மொகங்குடுத்துப் பேசல சார். நான் வெக்கலம்மானு சொல்லிக்கினே இருந்தாரு. நம்பல. என் கதைய உங்க புக்குல படிச்சப்புறம்தான் அவர மன்னிச்சேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? நாக்கு நுனிவரை வந்தது... விழுங்கிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள்.

போட்டேன். என் வலக்கையால். ‘அன்பு மகளுக்கு’ என்று வேறு எழுதிக் கொடுத்தேன்.