பள்ளி நேரத்து நீச்சல்காரி

நியூ சவுத் வேல்ஸில் எங்கள் டாராகல் ஊர் நீச்சல் குளத்துக்கு ஒரு நாகரிகம் உண்டு. பழங்குடிகளான நாங்கள் உள்ளே போகக்கூடாது. ஆனால் எங்கள் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் வாத்தியாரோடு போகலாம். மணி மூன்றடித்தால் அதே பிள்ளைகளால் தண்ணீர் கெட்டுவிடும். விஞ்ஞானிகள் இதை இன்னும் ஆராயவில்லை.

மெர்ல் ஊருக்கு வெளியே எங்களுக்கென்று ஒதுக்கிய ரிசர்வில், தகர வீட்டில் வளர்ந்தவள். ஆற்றில் சிப்பி தேடி மூழ்கியே நீச்சல் பழகினாள். 1961இல் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிப் போட்டியில் எல்லாரையும் முந்தினாள். அந்த டைமை வைத்துத்தான் பள்ளிக்கு வட்டாரப் போட்டியில், அதிக வேகக்காரருக்குத் தரும் நடு லேன் கிடைத்தது. அதே குளம்தான். ஆனால் மறுநாள், சனிக்கிழமை.

ஹாஸ்லம் வாத்தியார் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையேம்மா."

"போட்டி இருக்கே சார்."

"இருக்கு. ஆனா பள்ளி நேரம் இல்ல. முனிசிபாலிட்டி சட்டம், நான் என்ன செய்ய?"

"உங்ககூடதானே வரேன்?"

"பாக்கறேன்," என்றார்.

சனிக்கிழமை மெர்ல் கவுனுக்குள் நீச்சலுடை போட்டுக்கொண்டு போனாள். கூட டோரீன் அத்தை. வாசல்காரர் கம்பிக்கதவைத் திறக்கவில்லை.

"நடு லேன் இவ வாங்கினது," என்றாள் அத்தை.

"லேன் பள்ளிக்கூடத்துக்கு. இவளுக்கு இல்ல."

"இவ டைமு உள்ள போகலாம், இவ போகக்கூடாதோ? அத மட்டும் வெளுத்து எடுத்துக்கிட்டீங்களாக்கும்."

வாசல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுதான் திறக்கவில்லை. உள்ளே வாத்தியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பள்ளிப் போட்டியில் இரண்டாவதாக வந்த பாம் என்ற வெள்ளைக்காரப் பெண் நடு லேனில் நீந்தி ஜெயித்தாள், மெர்லுடைய டைமைவிட மெதுவாக. மெர்ல் கம்பிக்கு வெளியே நின்று கடைசிவரை பார்த்தாள். கை தட்டினாளா என்று கேட்பவர்கள் உண்டு. தட்டினாள். பாம் நல்ல பெண்.

திங்களன்று வாத்தியார் மிகக் கனிவாகப் பேசினார்.

"பாமுக்கு அடுத்த மாசம் சிட்னில போட்டி. நீ கூட நீந்தினா அவளுக்கு வேகம் வரும். பள்ளி நேரத்துலதான், ஒரு சிக்கலும் இல்ல."

"நான் முந்திட்டா?"

"கொஞ்சம் மெதுவாப் போயேன். அவ மனசு விட்டுடக்கூடாது பாரு."

மெர்ல் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நன்றியில்லாத பெண் என்று வாத்தியார் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பள்ளியை விட்டவளுக்குப் பள்ளி நேரம் ஏது? குளத்துக்குள் நுழைய இருந்த ஒரே வழியும் அதோடு போயிற்று. வேலை முடிந்து ஆற்றில் நீந்துவாள். வேகமாகத்தான் நீந்தியிருப்பாள். எங்களிடம் ஸ்டாப்வாட்ச் கிடையாது.