முடிச்சுப் போட்ட பையிலிருந்த சட்டை

என் வீட்டுக்காரருக்கு உட்காரவே தெரியாது. பதினேழு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்கும் கறையானுக்கும் மருந்தடிக்கிறார். போகிற வீட்டில் முதல் கேள்வி, "நாய், பூனை, மீன் ஏதாவது இருக்கா?" மீன்தொட்டியை மூடி, கிளிக்கூண்டைத் தானே தூக்கிப்போய் வெளியே வைத்தபிறகுதான் மருந்தைக் கலப்பார். "தரை காயற வரைக்கும் பூனைய உள்ள விடாதீங்க, மிதிச்சிட்டுக் கால நக்கும்" என்று மூன்று தடவை சொல்வார். பாதி வழியிலிருந்து திரும்பி வந்து நாலாவது தடவையும் சொல்வார். இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா?

எங்கள் வீட்டிலும் ஒரு பூனை. அவர் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் ஜன்னலில் உட்கார்ந்து தெருவை மேற்பார்வை பார்ப்பதால் மேனேஜர் என்று பெயர். சோறு போடுவது நான், பாசமெல்லாம் அவர் மேல். அவர் இல்லாத நேரத்தில் தன் அட்டைப்பெட்டியில் படுக்காமல் கத்திக்கொண்டே வீட்டைச் சுற்றும். இரண்டுக்கும் ஒரே வியாதி.

போன மாதம் பின்வாசல் குப்பைத்தொட்டி மேல் இறுக்கி முடிச்சுப் போட்ட பை ஒன்று இருந்தது. அவிழ்த்தேன். அவருடைய வேலைச் சட்டை, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, மேனேஜரின் பெட்டியில் விரித்தேன். மோந்து பார்த்துவிட்டுச் சுருண்டு படுத்தது. அப்பாடா, வீட்டில் ஒரு ஜீவனாவது அடங்கியதே என்றிருந்தது.

மறுநாள் காலையில் அதன் வாயில் நுரை. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, எழுந்து நிற்க முடியவில்லை.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்னத்தத் தின்னுச்சு? ஃபினாயிலா? எலிமருந்தா?" என்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினார். நான் மாடிவீட்டு அக்காவிடம் பாய்ந்தேன். "மாடிப்படியில என்னத்தக் கொட்டித் தொலைச்சீங்க?"

"வெறும் தண்ணிதாம்மா ஊத்தினேன்" என்றார் அக்கா, பாவம்.

பெட்டியோடு தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பூனையைத் தொட்டுப் பார்த்த டாக்டரம்மா, "பூச்சிமருந்து பட்ட மாதிரி இருக்கே" என்றார்.

"ஒரு சொட்டுகூட நான் வீட்டுக்குக் கொண்டு வர்றதில்ல டாக்டர்!"

"அடியில என்ன துணி?"

என் வீட்டுக்காரர் இழுத்துப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"நான்தாங்க போட்டேன்," என்றேன். "நல்ல சட்டையாச்சேன்னு. ரெண்டு தடவ தொவச்சேங்க."

"அன்னிக்கு மருந்தடிக்கிற ட்யூப் பிச்சுக்கிட்டு முதுகு பூரா மருந்து கொட்டிருச்சு. சோப்புக்கெல்லாம் அது போகாது." சட்டையைச் சுருட்டித் தூர வைத்தார். "சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல. ஊருக்கெல்லாம் நாலு தடவ சொல்றேன், உனக்கு ஒரு தடவ சொல்லல."

திட்டியிருந்தால் தேவலை.

பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் பூனையைக் குளிப்பாட்டினார்கள், ஊசி போட்டார்கள், இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் அவர் கூடத்தில் நடந்த நடைக்குப் பக்கத்து ஊருக்கே போய் வந்திருக்கலாம். நான் மாடிக்குப் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மேனேஜர் பிழைத்து வந்தது. ஆனால் புதுப் பெட்டியில் காலை வைக்க மாட்டேன் என்றது. அவர் வாசனையில்லாத துண்டை மோந்துவிட்டு மறுபடியும் கத்தல், மறுபடியும் சுற்றல்.

அடுத்த நாள் அவர் லீவு போட்டார். புதுச் சட்டை ஒன்றை வாங்கித் துவைத்து, வேலைக்கே போகாமல் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். ஃபேனையும் நிறுத்திவிட்டார்.

"என்னங்க இது கூத்து?"

"வேர்க்கணும்ல" என்றார்.

சாயங்காலம் தொப்பலாக நனைந்த சட்டையைக் கழற்றி, உலர்த்தி, பெட்டியில் விரித்தார். மேனேஜர் வந்து மோந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது.

அதன் பக்கத்தில், வெறுந்தரையில் அவரும் உட்கார்ந்தார்.