காரணம் என்ற கட்டம்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அப்பா முதலில் ஜன்னலைத்தான் திறப்பார். மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதே கதை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், தண்ணீர் கேட்பதற்கு முன்னால், ஜன்னல். சாரல் அடித்தாலும் சரி, கொசு மொய்த்தாலும் சரி. சொந்தக்காரர் வீடு, மருத்துவமனை, ஒருமுறை மகளுடைய கல்லூரி முதல்வரின் அறை. அங்கேயும் எட்டித் திறந்துவிட்டு, "இப்பதான் மூச்சு வருது" என்றார். முதல்வரின் மேசைக் காகிதங்கள் பறந்தன. இத்தனைக்கும் பிழைப்பு ஏசி மெக்கானிக் வேலை. அடுத்தவர் வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்தவைத்துச் சம்பளம் வாங்குகிற மனுஷன். கம்பெனியில் அவருக்குப் பெயரே 'ஜன்னல்'தான்.

ஜன்னலோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மலை வேறு. பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கி, காட்டுக்குள் மூன்று மணி நேர நடை. கையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு ரொட்டிப் பாக்கெட், நாலு வாழைப்பழம். போன் வீட்டு அலமாரியில் கிடக்கும். இரண்டு முறை வழி தவறியிருக்கிறார். ஒருமுறை காட்டுப்பன்றி துரத்தி, மரத்தில் ஏறி அரைநாள் உட்கார்ந்திருந்தார். கிழிந்த சட்டையோடு வந்து, ஏதோ பதக்கம் வாங்கியவர் மாதிரி அதை விவரித்தார்.

"அந்த மலையையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம். என்னை எதுக்குக் கட்டிக்கிட்டாரு?" என்பாள் அம்மா.

அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஒண்ணுமில்ல. சும்மா."

இந்தச் சும்மாதான் கடைசியில் குடும்பத்தின் தலையில் வந்து விழுந்தது.

மகள் அதே கம்பெனியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி. வருகைப் பதிவும் விடுப்புக் கணக்கும் அவள் பொறுப்பு. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் 'சொந்த வேலை' என்று தானாகவே நோட்டில் எழுதிக்கொண்டு விட்டுவிடுவார். இப்போது கணினி. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதைத் தட்டினால் ஐந்து காரணங்கள் வரும்: உடல்நலக் குறைவு, திருமணம், இறப்பு, பிரசவம், நீதிமன்றம். ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் திரை நகராது.

வியாழக்கிழமை இரவு வீட்டில் அப்பா கொடுத்த விடுப்புக் கடிதத்தைப் பிரித்தாள். சனியும் திங்களும் விடுப்பு. காரணம்: சும்மா.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள். அந்த மாதம் சூப்பர்வைசர் பதவி ஒன்று காலியாகியிருந்தது. கிடைத்தால் அப்பா தரையில் வேலை பார்க்கலாம். ஐம்பத்து மூன்று வயதில் ஏழாவது மாடிச் சுவருக்கு வெளியே, ஒரு முழ அகல சிமென்ட் பலகையில் நின்றுகொண்டு அவுட்டோர் யூனிட்டைக் கழற்ற வேண்டியதில்லை. போன வருடம் அப்படி நின்றபோது கால் வழுக்கியது. பெல்ட் இருந்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து வேலை நேரத்தில் போன் அடித்தால் மகள் முதல் மணியிலேயே பாய்ந்து எடுப்பாள்.

"அப்பா, காய்ச்சல்னு எழுதிக் கொடுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

"எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே."

"நேர்காணல் வருதுப்பா! மேனேஜர் இதைப் பார்த்தா திமிருன்னு நினைப்பாரு."

"சரி, உன் கம்ப்யூட்டர்ல வேற என்ன இருக்கு?"

"கல்யாணம், சாவு, பிரசவம், கோர்ட்டு."

"அப்ப பிரசவம்னு போடு மேடம். உங்கம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்க."

அடுப்படியிலிருந்து ஒரு கரண்டி விழும் சத்தம் கேட்டது. மறுநாள் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு 'உடல்நலக் குறைவு' என்று தட்டினாள். கடிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை மேனேஜர் அவள் மேசைக்கு வந்தார். "தலைமை அலுவலகத்து ஆளு திங்கக்கிழமையே வர்றாராம். பதினோரு மணிக்கு நேர்காணல். அப்பா எப்படியாவது வந்துடணும்மா. பேரு முதல்ல இருக்கு."

அப்பாவோ மலையில். ஞாயிறு காலை முதல் பேருந்தில் மகள் கிளம்பினாள், அலுவலகத்துக்குப் போடும் செருப்போடு. கடைசி நிறுத்தத்துக் கடைக்காரர் கேட்காமலே வழி சொன்னார். "ஏசிக்காரர் பொண்ணா? ஓடையை விடாமப் பிடிச்சுக்கிட்டே மேல போம்மா." போனாள். அட்டை கடித்தது. செருப்பு வார் அறுந்தது. முள் கிழித்தது. ஒவ்வொன்றுக்கும் அப்பாவைத் திட்டினாள். திட்டு தீர்ந்தபோது பழையதையே திரும்பத் திட்டினாள்.

ஓடைக்கு அக்கரையில், பாறை மேல் அவர் உட்கார்ந்திருந்தார். எதுவும் செய்யவில்லை. பாட்டுக்கூடப் பாடவில்லை. இதற்காகவா மனுஷன் பன்றிக்குப் பயந்து மரமேறினார்? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்குக் காலைல நேர்காணல்! கிளம்புங்க!"

"முதல்ல இங்க வா. கால்ல ரத்தம் வருது பாரு."

தண்ணீரைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள். அவர் அட்டையைப் பிய்த்து எறிந்தார். அதற்குள் மேலே எங்கோ மழை பிடித்துக்கொண்டது. தெளிவாக ஓடிய தண்ணீர் பத்தே நிமிடத்தில் செந்நிறமாகி, அவள் கால் வைத்து வந்த கற்களை மூடியது. விடியும்வரை தாண்ட முடியாது என்று அவர் சாவகாசமாகச் சொன்னார்.

"உங்களுக்குக் கவலையே இல்லையாப்பா? என்னதான் இருக்கு இங்க?"

அவர் விரிப்பின் ஓரத்தில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். பிறகு, "எந்த வீட்டுக்குப் போனாலும் இருபத்து நாலு டிகிரி வைன்னு சொல்றாங்க. முப்பது வருஷமா வெச்சுக்கிட்டே இருக்கேன். எல்லா ரூமும் ஒரே மாதிரி ஆயிடுச்சு. இங்க காத்து என்னைக் கேட்டுக்கிட்டு வரதில்ல" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது. பாறையை, விரிப்பை, அவள் முடியை எல்லாம் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது. ஒரு கணம் அவள் நேர்காணலை மறந்தாள். மறந்தோம் என்று தெரிந்ததும் கோபம் இரட்டிப்பாகியது.

காலையில் தண்ணீர் வடிந்தது. இருவரும் ஓட்டமும் நடையுமாக இறங்கி, பேருந்து பிடித்து, சேறும் சகதியுமாகப் பதினோரு மணிக்கு அலுவலகத்தில் நின்றார்கள். வழியெல்லாம் அவள் அறுந்த செருப்பையும் அவரையும் திட்டிக்கொண்டே வந்தாளே தவிர, சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்ல மறந்துபோனாள்.

மேனேஜர் வாயெல்லாம் பல்லாக எழுந்தார். "பாருங்க சார், உடம்பு முடியாம லீவுல இருக்கறவர், நேர்காணல்னதும் வந்துட்டாரு. காய்ச்சல் எப்படி இருக்கு?"

"யாருக்குக் காய்ச்சல்?" என்றார் அப்பா.

தலைமை அலுவலகத்து ஆள் கோப்பைப் புரட்டினார். "உடல்நலக் குறைவுன்னு இருக்கே. பதிவு பண்ணினது யாரு?"

மகள் கதவருகே நின்றிருந்தாள். பொய்ப் பதிவு செய்தால் வேலை போகும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த விதியைப் போன மாதம் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியதே அவள்தான். அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். கேஸ் குறையாத ஏசிக்குக் கேஸ் போட்டதாக ஒருநாளும் பில் எழுதாதவர்.

"நான்தான் சார்" என்றார். "காய்ச்சல்னு நான்தான் சொன்னேன். பொண்ணு நம்பிப் போட்டுடுச்சு."

பதவி வேறொருவருக்குப் போனது. பொய் சொன்னதற்கு ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கடிதம் தரவேண்டும் என்று உத்தரவானது.

மகள் அன்றே கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்தாள். கையெழுத்துத்தான் பாக்கி. அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"'பொய்யான காரணம் கூறியதற்கு வருந்துகிறேன்'னு போட்டிருக்கே. நான் வருந்தலையே."

"என் உயிரை வாங்காதீங்கப்பா. ஒரு கையெழுத்து!"

"உனக்காகச் சொன்னேன். அதுக்குப் போய் வருத்தப்படுறேன்னு எழுதச் சொல்றியே, நல்லாவா இருக்கு?"

அவள் கடிதத்தை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை மேனேஜர் அறைக் கதவுவரை போய்த் திரும்பினாள். இது நடந்து நாலு மாதமாகிறது. அவர் இன்னும் ஏழாவது மாடிச் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமைதோறும் மேனேஜர் கேட்கிறார்: "உங்கப்பா தரவேண்டிய கடிதம் எங்கம்மா?" அப்பாவின் பெயருக்கு நேரே 'கடிதம் வரவில்லை' என்று அவளே தட்டிவிட்டு, அடுத்த ஆளின் விடுப்பை எடுக்கிறாள்.